கொல்கத்தா: எந்த இடத்துக்கு எந்த நேரம்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

பல்லாவரம்வாசி:

விக்டோரியா மெமோரியல், ஹவுரா பாலம், காளிகாட், தட்சிணேஸ்வரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிடுகிறோம் என்று வண்டிக்காரர்கள் வருவார்கள். ஏறிவிடாதீர்கள். பாதி நாள் சிக்னலில் போய்விடும். இந்த ஊரில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நேரம் உண்டு. அது தவறினால் வெறும் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மல்லிக் காட் பூச்சந்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹவுரா பாலத்தின் கொல்கத்தா பக்க அடிவாரத்தில், ஆற்றை ஒட்டி இருக்கிறது. விடிந்ததும் அங்கே நின்றுவிட வேண்டும். செண்டுமல்லிச் சரங்களை வடக்கயிறு மாதிரி சுருட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு சுமைக்காரர்கள் ஓட்டமும் நடையுமாக வருவார்கள். 'தேகி, தேகி' என்று குரல் கேட்டால் வழிவிட்டு ஒதுங்கிவிடுங்கள், அவர்களால் சட்டென்று நிற்க முடியாது. தரையெல்லாம் சேறு, பழைய செருப்பே போதும். ஒரு பெரியவர் செம்பருத்தி மொட்டுகளை மட்டும் எண்ணி எண்ணிக் கோத்துக்கொண்டிருந்தார். நம்மூர்ப் பூக்கடையில் நான் பார்க்காத மாலை அது. எதற்கு என்று கேட்டதற்கு, 'மா காளிக்கு, நூற்றெட்டு' என்று தலை நிமிராமலே சொன்னார். பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தப்பிவிடுமே!

அங்கிருந்து டாக்ஸி பிடிக்காமல், பக்கத்துப் படித்துறையில் படகுச் சீட்டு வாங்குங்கள். சில ரூபாய்தான். பாலத்தை முழுசாகப் பார்க்க நடு ஆறுதான் சரியான இடம். 1943இல் திறந்த பாலம், சுமார் 26,500 டன் எஃகு, நட்டும் போல்ட்டும் இல்லாமல் ரிவெட் அடித்தே கட்டியது. இத்தனை பெரிய பாலத்தை வெற்றிலை எச்சில் அரிக்க ஆரம்பித்து, கம்பங்களின் அடிக்கு ஃபைபர் உறை போட்டிருக்கிறார்கள். நடந்து போகும்போது குனிந்து பாருங்கள்.

அப்புறம், என் பெயரைப் பார்த்தாலே தெரியும், இதைச் சொல்லாமல் விடமாட்டேன். டல்ஹவுசி பக்கம் செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் இருக்கிறது. 1787இல் கட்டியது, கூட்டமே இருக்காது. அதன் தோட்டத்தில் எண்கோண மண்டபம் ஒன்று, உள்ளே கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை. கல்லறை மேல் கிடக்கும் கருங்கல் பலகை எங்கள் ஊர்க்கல். பல்லாவரம், பரங்கிமலைப் பாறை. அந்தப் பலகையை வைத்துத்தான் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் 1890களில் இந்த வகைப் பாறைக்கே சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். அங்கிருந்த காவலாளியிடம் அரைகுறை இந்தியில், 'இந்தக் கல் எங்க வீட்டுப் பக்கம்' என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'அப்போ எடுத்துக்கிட்டுப் போயிடாதீங்க' என்றார்.

இன்னொன்று. 'சார்னாக்தான் இந்த ஊரை உண்டாக்கினார்' என்று யாராவது வழிகாட்டி சொன்னால் சும்மா தலையாட்டி வையுங்கள். அவரை நிறுவனர் என்று சொல்லக்கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றமே 2003இல் சொல்லிவிட்டது.

லேக் மார்க்கெட் மாமி:

பல்லாவரம் தம்பி நன்றாகச் சொன்னார். கல்யாணமாகி வந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன், என் பங்குக்கு நானும்.

திங்கட்கிழமையை நம்பி வராதீர்கள். விக்டோரியா மெமோரியல் காட்சிக்கூடம், இந்தியன் மியூசியம் இரண்டுக்கும் அன்று விடுமுறை. காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளுக்கு ஞாயிறு ஆகாது, பெரும்பாலும் ஷட்டர்தான். டிரெட்டா பஜார் சீனக் காலைச் சிற்றுண்டிக்கு மட்டும் ஞாயிறு விடியற்காலைதான் நேரம். எட்டரைக்கெல்லாம் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிடுவார்கள். அசைவம்தான் அதிகம், கேட்டு வாங்குங்கள்.

காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸுக்கு நம்ம டிகாக்‌ஷன் காபியை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். காபி சுமார்தான். போவது பக்கத்து மேசைப் பேச்சைக் கேட்பதற்கு. என் தங்கை வந்தபோது, எதிரே இருந்த இரண்டு தாத்தாக்கள் கால்பந்து பற்றி அடித்துக்கொள்கிற மாதிரி கத்தினார்கள். இவள் பயந்துபோய் என்னைப் பார்க்கிறாள். கடைசியில் ஒருத்தர் கப்பில் மிச்சமிருந்ததை இன்னொருத்தர் எடுத்துக் குடித்தார்!

சாமி சிலை செய்கிறவர்கள் இருக்கும் குமார்துலிக்கு, துர்கா பூஜைக்கு ஒரு மாதம் முன்னால் வாருங்கள். சோவாபஜார் மெட்ரோவில் இறங்கி நடக்கிற தூரம். சந்துக்குச் சந்து தலையில்லாத துர்கை, கையில்லாத துர்கை. மூங்கில் சட்டம் கட்டி, வைக்கோலைச் சுற்றிச் சணல்கயிறால் இறுக்கி, அதன் மேல்தான் களிமண். முதலில் பிசுக்குள்ள மண், அப்புறம் வழவழப்புக்கு வேறு மண். விரல்களைத் தனியாகச் செய்து காயவைத்திருப்பார்கள், தட்டில் வரிசையாக இருக்கும். படம் எடுக்கும்முன் கேட்டுவிடுங்கள். வேலை நடக்கிற சந்து அது, காட்சிசாலை இல்லை. 'தாதா, ஒரு படம்?' என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். சில சமயம் கேமராவுக்குச் சீட்டு போடுவார்கள், கொடுத்துவிடலாம்.

பேர்போன கோயில்களில் செருப்பு விடுகிற இடத்திலேயே ஒருவர் வந்து, 'நான் கூட்டிப் போகிறேன்' என்று கையைப் பிடிப்பார். உள்ளே போனதும் சங்கல்பம், தட்சிணை என்று ஆயிரத்தில் பேச்சு போகும். என்னிடமே வங்காளியில் கேட்டிருக்கிறார்கள்! 'தர்ஷன் மட்டும்' என்று நடந்துகொண்டே சொல்லுங்கள். நின்றால் போச்சு.

சாப்பாடு அலுத்துப் போனால் எங்கள் லேக் மார்க்கெட் பக்கம் வாருங்கள். இட்லி, தோசை, கறிவேப்பிலை, மல்லிகைப்பூ வரைக்கும் கிடைக்கும். ஆனால் குளிர்காலத்தில் வந்து நோலன் குட் சந்தேஷ் என்கிற இனிப்பைச் சாப்பிடாமல் ஊருக்குத் திரும்பினால் நான் பேசமாட்டேன். நோலன் குட் என்றால் புது ஈச்ச வெல்லம், அந்த மாதங்களில் மட்டும்தான்.

ரயில்பிரியன்:

மாமி, சந்தேஷ் வாங்க லேக் மார்க்கெட்டுக்கே வருகிறேன்.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு ஒரு விஷயம். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஹவுராவுக்குப் போவதில்லை, ஷாலிமாரில்தான் நிற்கும். ஹவுராவிலேயே இறங்க வேண்டுமென்றால் ஹவுரா மெயில். நான் மெயிலைத்தான் சொல்வேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எதிரே ஆறும் பாலமும்.

ஹவுராவிலிருந்து எஸ்பிளனேடுக்கு மெட்ரோ 2024இல் திறந்தது. ஆற்றுக்கு அடியில் சுமார் அரைக் கிலோமீட்டர், முக்கால் நிமிடத்தில் கடந்துவிடும். ஆறு வரும் இடத்தில் சுரங்கச் சுவரில் நீல விளக்கு எரியும். என்னோடு வந்த வாண்டு ஒன்று, 'மீன் எங்கே, மீன் எங்கே' என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டே வந்தது. ஒரு தடவை அப்படிப் போங்கள், திரும்பும்போது படகில் வாருங்கள்.

டிராம் 1873இல் ஓட ஆரம்பித்த ஊர் இது. இப்போது தடங்கள் மிகவும் சுருங்கிவிட்டன, வண்டி வந்தால் எங்கே போகிறது என்று கேட்காமல் ஏறிவிடுங்கள். சில்லறை மட்டும் கையில் இருக்கட்டும். ஐந்நூறு ரூபாயை நீட்டினால் கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.