விருது வாங்கிய படம் ஊருக்கு எப்போது வரும்? திரைப்பட விழாக்களும் இந்தியச் சுயாதீன சினிமாவும்

குடாக்கரை எழுதியது:

போன ஞாயிறு பின்னேரம் திருகோணமலை உப்புவெளியில் ஒரு நண்பர் வீட்டு விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்து பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ பார்த்தோம். படம் ஒன்றேகால் மணித்தியாலம். அதற்குப் பிறகு நடந்த வாக்குவாதம் அதைவிட நீளம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஆட்கள் எழும்பியதால் பாதியில் நின்றுபோனது. மிச்சத்தை இங்கே பேசுவோம்.

திரைப்பட விழாக்கள்தான் இந்தியாவின் சுயாதீன சினிமாவைத் தூக்கி நிறுத்துகின்றன என்று அன்று பலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ‘கூழாங்கல்’ 2021 பெப்ரவரியில் நெதர்லாந்தின் ரொட்டர்டாம் விழாவில் முதன்மைப் பரிசான டைகர் விருது வாங்கியது. அதே வருஷம் இந்தியா அதை ஒஸ்காருக்கும் அனுப்பியது. ஆனால் சாதாரண மனிதர் ஒருவர் அதைப் பார்க்க 2023 ஒக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் ஓடிடியில்தான், தியேட்டரில் இல்லை. இரண்டு வருஷமும் எட்டு மாதமும்! இயக்குநரின் சகோதரியைப் புருஷன் வீட்டிலிருந்து துரத்திவிட, அந்தப் பெண் பதின்மூன்று கிலோமீற்றர் நடந்தே தாய்வீட்டுக்கு வந்தார். படத்தின் விதை அதுதான். அப்படி நடந்த பெண்கள் இருக்கும் ஊர்களுக்குப் படம் போய்ச் சேரவில்லை. நெதர்லாந்துக்குப் போனது. இதை எப்படி ஆதரவு என்று சொல்வது?

சாம்பல்தீவாள் எழுதியது:

குடாக்கரை அண்ணா, படம் ஊருக்கு வராததற்கு விழா எப்படிப் பொறுப்பாகும்? தியேட்டர் கொடுக்காதவர்களை விட்டுவிட்டு, கதவைத் திறந்துவிட்டவர்களோடு சண்டை பிடிக்கிறீர்கள்.

வினோத்ராஜ் மதுரைப் பக்கத்துக்காரர். பூச்சந்தையில் வேலை செய்தவர். சென்னையில் டிவிடி கடையில் நின்றுகொண்டே உலகப் படங்களைப் பார்த்துப் பழகினார். நட்சத்திரம் இல்லை, பாட்டு இல்லை. வெயிலில் தகப்பனும் மகனும் நடக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் இடையில் தயாரிப்பைக் கையேற்றார்கள். பிறகு ரொட்டர்டாம். அந்த விருது இல்லாவிட்டால் அன்று விறாந்தையில் இருந்த எங்களில் ஒருவருக்காவது அந்தப் பெயர் தெரிந்திருக்குமா?

இன்னொன்றும் இருக்கிறது. அவருடைய இரண்டாவது படம் ‘கொட்டுக்காளி’. சிவகார்த்திகேயன் தயாரித்தார், சூரியும் அன்னா பென்னும் நடித்தார்கள். 2024 பெப்ரவரியில் பெர்லினில் காட்டினார்கள், ஓகஸ்டில் தியேட்டருக்கே வந்தது. முதல் படத்துக்குக் கிடைக்காத தியேட்டர் இரண்டாவதற்குக் கிடைத்தது. இடையில் நடந்தது என்ன என்று நீங்களே சொல்லுங்கள். ‘காக்கா முட்டை’யும் அப்படித்தான். 2014 செப்ரெம்பரில் ரொறன்ரோ விழா, 2015 ஜூனில் தியேட்டர், நன்றாகவும் ஓடியது.

பழையரீல் எழுதியது:

பிள்ளை, ‘கொட்டுக்காளி’யைப் பற்றி நீர் சொன்னதால் எழுதுகிறேன். தியேட்டருக்கு வந்தது என்கிறீர். வந்து என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சூரி இருக்கிறார் என்று சனம் போனது. உள்ளே பின்னணி இசையே இல்லாத படம். வெளியே வந்தவர்கள் சொன்ன வார்த்தை ‘விருதுப் படம்’. இதைத் தியேட்டருக்குக் கொண்டு வந்திருக்கவே கூடாது என்று சினிமாவுக்குள் இருப்பவர்களே பேசினார்கள்.

நான் எண்பதுகளில் திருமலையில் ஒரு தியேட்டரில் ஒப்பரேட்டராக வேலை செய்தவன். இரண்டு மெஷின். ஒரு ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு மின்னும். முதல் பொட்டுக்கு அடுத்த மெஷினை ஓடவிட வேண்டும், இரண்டாவது பொட்டுக்கு வெளிச்சத்தை மாற்ற வேண்டும். அந்தப் பொட்டைப் பிடிக்கத்தான் துவாரத்தால் எட்டிப் பார்ப்பேன். மற்ற நேரம் நான் பார்த்தது சனத்தின் தலைகளை. படம் பிடித்தால் தலை அசையாது. பிடிக்காவிட்டால் ஒவ்வொரு தலையாகப் பக்கத்துக்குத் திரும்பும், கதிரை கிறீச்சிடும். அந்தச் சத்தத்தை மேலே இருந்தே எண்ணலாம். பாட்டும் சண்டையும் இல்லாத படங்களுக்கும் அந்தத் தலைகள் அசையாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்று யாரும் அவற்றை ‘விருதுப் படம்’ என்று பிரித்து வைக்கவில்லை. எல்லாமே படம்தான்.

விழாக்கள் செய்த பெரிய கெடுதி இந்தப் பிரிவினை. விழாவுக்குப் போன படம் என்று காட்டப் போஸ்டரில் இரண்டு பக்கமும் இலை வளையம் போட்டுவிட்டால், ‘இது எனக்கில்லை’ என்று மீன்காரரும் ஆட்டோக்காரரும் விலகிப் போகிறார்கள். மலையாள இயக்குநர் ஜோன் ஏபிரகாம் என்ன செய்தார்? ஒடேசா என்று ஓர் இயக்கம் கட்டி, ஊர் ஊராகச் சனத்திடமே காசு சேர்த்து 1986 இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார். எடுத்த படத்தைச் சனத்திடமே கொண்டு போனார்கள். சுயாதீனம் என்றால் எனக்கு அதுதான்.

கொட்டியாரம் எழுதியது:

நான் மூதூர். பதினான்கு நிமிஷக் குறும்படம் ஒன்று எடுத்திருக்கிறேன், என் வாப்பாவின் வள்ளத்தைப் பற்றி. ஆகவே இதில் எனக்கும் பேச இருக்கிறது.

2022 இல் ஆறு விழாக்களுக்கு அனுப்பினேன். நுழைவுக் கட்டணம் எல்லாம் டொலரில். அந்த வருஷம் டொலர் 360 ரூபாவைத் தாண்டி நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு விழாவுக்கு அனுப்பிய காசில் வீட்டுக்கு ஒரு கிழமைச் சாமான் வாங்கியிருக்கலாம். அதில் ஒன்றிலிருந்து ‘தெரிவு செய்யப்பட்டுள்ளது’ என்று பதில் வந்தது. வீடே சந்தோஷப்பட்டது. அடுத்த நாள் இன்னொரு மின்னஞ்சல்: சான்றிதழுக்கு இவ்வளவு, கேடயத்துக்கு இவ்வளவு, அனுப்பும் செலவு தனி. படத்தை எங்கே காட்டுவீர்கள் என்று கேட்டேன். கடைசி வரை பதில் இல்லை. இப்படிப்பட்டவற்றையும் ரொட்டர்டாமையும் ஒரே ‘விழா’ என்ற சொல்லுக்குள் போட்டுப் பேசினால் என்னைப் போன்ற புதுப் பொடியன்கள்தான் ஏமாறுவார்கள்.

ஆனால் கட்டணமே கேட்காத ஒரு சின்ன விழா என் படத்தை நிராகரித்து ஒன்பது வரி எழுதி அனுப்பியது. ‘வள்ளம் கரையை விட்டுப் போன பிறகு மூன்று நிமிஷம் படம் வீணாக ஓடுகிறது, அங்கேயே முடித்திருக்கலாம்’ என்று அதில் இருந்தது. வெட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் சொன்னார்கள். அந்தப் பதினான்கு நிமிஷம் இப்போது பதினொன்று. எனக்கு விழா தந்தது அந்த ஒன்பது வரிதான்.

பழையரீல் சேர், ரிமா தாஸின் ‘வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்’ஸையும் பாருங்கள். அசாமில் தன் ஊரிலேயே, ஊர்ப் பிள்ளைகளை வைத்து, கமெராவும் எடிட்டிங்கும் தானே செய்து எடுத்த படம். 2017 இல் ரொறன்ரோவுக்குப் போனது, பிறகு சிறந்த படத்துக்கான தேசிய விருது வாங்கியது. ஜோன் ஏபிரகாமுக்கு ஓர் இயக்கமே இருந்தது. தனியாளாக நிற்கும் ஒருத்திக்கு விழாவை விட்டால் வேறு யார்?

சாம்பல்தீவாள் எழுதியது:

தம்பி கொட்டியாரம் சொன்ன கட்டணக் கொள்ளையை நான் மறுக்கவில்லை. பெயருக்கு நடக்கும் விழாக்கள் மூடப்பட்டால் எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் பழையரீல் ஐயா, சனம் விலகிப் போகும் என்பதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். 2024 டிசம்பரில் லீவு எடுத்துக்கொண்டு திருவனந்தபுரம் போனேன், கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு. பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’ பார்க்க வரிசையில் நின்றேன். முன்பதிவு எனக்குக் கிடைக்கவில்லை. பதிவில்லாதவர்களின் வரிசை மதிலைச் சுற்றி வளைந்து போனது. எனக்கு முன்னால் நின்ற பெண் ஒரு நேர்ஸ். இரவு வேலை முடிந்து நேரே வந்திருந்தார், பையில் சாப்பாட்டுப் பெட்டி. மும்பையில் வேலை செய்யும் மலையாள நேர்ஸ்களின் கதை என்று கேள்விப்பட்டு வந்தாராம்.

படத்தில் ஓர் இடம். அந்த நேர்ஸ்களில் ஒருத்தி பிரபா. அவளுடைய புருஷன் ஜேர்மனியில், பேச்சுவார்த்தையே இல்லை. திடீரென்று ஒரு ரைஸ் குக்கர் வந்து சேர்கிறது. ஒரு இரவு, நிலத்தில் இருந்தபடி அவள் அந்தக் குக்கரைக் கட்டிப் பிடிக்கிறாள். வசனம் கிடையாது. ஐயா, நீங்கள் மேலே இருந்திருந்தால் ஒரு தலையும் அசைந்திருக்காது. எனக்குப் பக்கத்தில் இருந்த அந்த நேர்ஸ் சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், தன் அக்காவின் வீட்டிலும் இப்படி வந்த ஒரு பெட்டி திறக்காமல் கிடக்கிறது என்று சொன்னார். திருகோணமலையில் அப்படிப் பெட்டி வராத தெரு இருக்கிறதா?

அந்த வரிசை ஒரு நாளில் உருவானதில்லை. அந்த விழா 1996 இல் தொடங்கியது. அதற்கு முப்பது வருஷம் முன்பே, 1965 இல், இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். பார்க்கிற சனத்தை அவர்கள் முதலில் உருவாக்கினார்கள், விழா பிறகு வந்தது. விருதைப் பற்றி நாம் பேசிய அளவுக்கு இந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசவில்லை.

கன்னியா எழுதியது:

எல்லாம் சரி, இது இந்தியச் சினிமாவின் பிரச்சினை. திருமலையில் இருந்துகொண்டு நாம் ஏன் இவ்வளவு மினக்கெடுகிறோம்?

பழையரீல் எழுதியது:

அப்படிச் சொல்ல முடியாது தம்பி. நம் நாட்டு இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘கம்பெரலிய’வுக்கு 1965 இல் முதல் பரிசான தங்க மயில் கொடுத்தது இந்திய சர்வதேசத் திரைப்பட விழா. நம் நாட்டு இயக்குநர் பிரசன்ன விதானகேயின் ‘பாரடைஸ்’ இங்கே 2022 பொருளாதார நெருக்கடிக்குள் நடக்கும் கதை, இந்தியத் தயாரிப்பு, மலையாள நடிகர்கள். 2023 இல் பூசானில் விருது வாங்கி, அடுத்த வருஷம் இந்தியத் தியேட்டர்களுக்கு வந்தது. சினிமா கடலைத் தாண்டித்தான் எப்போதும் போய் வருகிறது. இதை நான் விழாக்களுக்கு எதிராக நின்றுகொண்டே சொல்கிறேன்.

குடாக்கரை எழுதியது:

சாம்பல்தீவாள் சொன்ன வரிசை என் மனதைத் தொட்டது. மறைக்கவில்லை. ஆனால் அதே படத்தை வைத்தே என் பயத்தைச் சொல்கிறேன்.

கான் விழாவின் பிரதான போட்டிக்கு முப்பது வருஷத்துக்குப் பிறகு போன இந்தியப் படம் ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’. அங்கே இரண்டாவது பெரிய பரிசான கிராண்ட் பிரீயும் வாங்கியது. இந்தியாவில் ஒஸ்காருக்குப் படம் தெரிவு செய்த குழு அதை அனுப்பவில்லை. இந்தியாவில் நடக்கும் ஐரோப்பியப் படம் பார்ப்பது போல இருந்தது என்றார்கள். அது அநியாயமான தீர்ப்பு. மலையாளத்தில் பேசும் நேர்ஸ்களை ஐரோப்பியர் ஆக்க முடியாது. ஆனாலும் அந்தப் பேச்சுக்கு இடம் கிடைத்தது எப்படி? காசு வெளியே இருந்து வருவதால். ரொட்டர்டாமின் ஹூபர்ட் பால்ஸ் நிதி, பிரான்ஸின் தயாரிப்பாளர்கள், கதையைத் திருத்தித் தரும் பட்டறைகள். அந்த மேசைக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்த பிறகு, இருபத்திரண்டு வயதுப் பொடியன் தன் கதையை அதற்கேற்ப வளைக்காமல் இருப்பானா? வெயில், வறுமை, நீண்ட மௌனம். இப்போதே அது ஒரு வாய்ப்பாடாகி வருகிறது.

உள்நாட்டு விழாவை நம்பலாம் என்றால், 2017 இல் கோவாவில் நடந்த இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவை நினைத்துப் பாருங்கள். சனல்குமார் சசிதரனின் ‘எஸ் துர்கா’வை நடுவர் குழு தெரிவு செய்தது. அமைச்சு பட்டியலிலிருந்து தூக்கியது. நடுவர் குழுத் தலைவர் பதவி விலகினார். காட்டச் சொல்லி கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டும் விழாவில் அது காட்டப்படவில்லை. வெளியே போனால் அவர்களின் ருசி, உள்ளே இருந்தால் அரசாங்கத்தின் கை. இடையில் நிற்கும் இயக்குநர் எந்த அர்த்தத்தில் சுயாதீனமானவர்?

கொட்டியாரம் எழுதியது:

அண்ணா, ‘எஸ் துர்கா’ அதே 2017 இல்தான் ரொட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது. உள்ளே மூடிய கதவு வெளியே திறந்திருந்தது. ஒரு கதவு மட்டும் இருந்திருந்தால் அந்தப் படத்தைப் பற்றி இன்று நீங்கள் எழுதியிருக்கவே மாட்டீர்கள். எனக்கு நிறையக் கதவுகள் வேண்டும். நல்லது கெட்டதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

வாய்ப்பாடு பற்றிச் சொன்னது மட்டும் உண்மை. என் படத்தின் முதல் வெட்டில் அந்த நீண்ட மௌனம் இருந்தது. விழாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்துத்தான் வைத்தேன். வாப்பா பார்த்துவிட்டு, ‘கடல்ல யாரும் இவ்வளவு நேரம் சும்மா இருக்க மாட்டாங்க’ என்றார்.

சாம்பல்தீவாள் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் 2015 முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடத்துகிறார்கள். நம் ஊரில் மாதம் ஒரு படமாவது காட்டுவோமா? தம்பியின் பதினொரு நிமிஷத்தில் தொடங்கலாம், அது அவருடைய சொந்தப் படம் என்பதால் உரிமை கேட்டு யாருக்கும் எழுதவும் தேவையில்லை. அதோடு சேர்த்துக் காட்ட இந்தியச் சுயாதீன இயக்குநர் ஒருவருக்கு எழுதிக் கேட்போம். மூதூரிலேயே வைக்கலாம், இறங்குதுறைக்குப் பக்கத்தில். வெள்ளைத் துணி என்னிடம் இருக்கிறது.

பழையரீல் எழுதியது:

புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். ஒரு நிபந்தனை. நோட்டீஸில் இலை வளையம் போடக் கூடாது, எந்த விழா, என்ன விருது என்று ஒரு வரியும் இருக்கக் கூடாது. படத்தின் பெயர், நேரம், இடம், போதும். வந்தவர்கள் படத்தைப் பார்க்கட்டும்.

சாம்பல்தீவாள் எழுதியது:

அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் ஐயா. பாடுபட்டு எடுத்த படத்துக்குக் கிடைத்த மரியாதையை நாம் ஏன் ஒளிக்க வேண்டும்? ரிமா தாஸின் படத்தைக் காட்டினால், தனியாகக் கமெரா தூக்கிய ஒரு பெண்ணுக்கு நாட்டின் முதல் பரிசு கிடைத்தது என்பதை மூதூர்ப் பெண்பிள்ளைகள் நோட்டீஸிலேயே படிக்க வேண்டும்.

பழையரீல் எழுதியது:

அதைப் படம் முடிந்த பிறகு எழும்பி நின்று சொல்லும். முதலில் சொல்லாதீர். கொட்டியாரம் தம்பி, படம் எந்த வடிவத்தில் இருக்கிறது, ஒலி தனியாகவா சேர்ந்தா? இறங்குதுறையில் கடற்காற்று எந்நேரமும் அடிக்கும். துணியின் நான்கு மூலையையும் கட்ட நல்ல கயிறு கொண்டு வாரும்.