சஷிமிக்கு கார்பன் ஸ்டீல் கத்தி: யானகிபாவா, சுஜிஹிகியா?

கடலோரம்:

வணக்கம். சிங்கப்பூரில் வீட்டில் சஷிமி (மெல்லிசாக அரிந்த பச்சை மீன்) போடுவதற்கென்றே ஒரு ஜப்பானியக் கார்பன் ஸ்டீல் கத்தி வாங்க நினைக்கிறேன். மாதத்துக்கு மூன்று நான்கு முறைதான் வேலை: தோலும் முள்ளும் எடுத்த சால்மன், சூரைத் துண்டங்கள். எப்போதாவது வாட்டிய மாட்டிறைச்சி. வலது கைப் பழக்கம். 1000, 3000 தீட்டுக்கற்கள் (எண் கூடக் கூட கல் நைசு) இருக்கின்றன, ஆனால் இரண்டு பக்கமும் தீட்டும் கத்திகளை மட்டுமே தீட்டத் தெரியும்.

1. ஒரு பக்கம் மட்டும் தீட்டும் யானகிபாவா, இரண்டு பக்கமும் தீட்டும் சுஜிஹிகியா? நீளம் 240 மி.மீ. போதுமா, 270 வேண்டுமா?
2. எஃகில் ஷிரோகாமி, ஆவோகாமி என்கிறார்களே, எதை எடுப்பது?
3. இந்த ஈரக்காற்றில் துருவை எப்படிச் சமாளிப்பது?

சாணைக்கல்:

முதலில் வடிவத்தை முடிவு செய்யுங்கள், எஃகு அப்புறம். பலர் எஃகின் பெயரைப் பார்த்து வாங்கிவிட்டு, கைக்கு ஒத்துவராத கத்தியோடு அல்லாடுகிறார்கள்.

யானகிபாவுக்குச் சரிவு, அதாவது வெட்டும் விளிம்பை நோக்கிச் சாய்வாகத் தேய்த்த முகம், ஒரு பக்கம்தான். வலது கைக்காரருக்கானதில் வலப்பக்கம் சரிவு. பின்பக்கம் லேசாகக் குழித்திருக்கும். மீன் துண்டத்தின் வலக்கோடியில் கத்தியின் அடிப்பகுதியை வைத்து நுனி வரை ஒரே இழுப்பாக இழுத்தால், அரிந்த துண்டு சரிவின் மேல் சாய்ந்து அப்படியே விலகி நிற்கும். குழிந்த பின்பக்கத்தில் மீன் ஒட்டாது. அரிந்த முகம் கண்ணாடி மாதிரி மினுங்கும். ரம்பம் போல முன்னும் பின்னும் அறுத்தால் முகத்தில் படிப்படியாக வரி விழும், மீனின் சாறும் வெளியேறும். நீளம் வேண்டும் என்பது இதற்காகத்தான். 240-இல் அகலமான சால்மன் துண்டத்தை ஒரே இழுப்பில் முடிப்பது சிரமம். 270 எடுங்கள். 300 உணவக மேசைக்குச் சரி, வீட்டு மேடையில் முழங்கை பின்னால் போக இடம் இருக்காது.

மாட்டிறைச்சி என்றதும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒருபக்கச் சரிவுள்ள கத்தி உயரமான துண்டில் இறங்கும்போது இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். துண்டு மேலே மெல்லிசாகவும் கீழே தடிமனாகவும் வரும். சுஜிஹிகி இரண்டு பக்கமும் தீட்டியது, நேராக இறங்கும்.

எஃகு: ஷிரோகாமி, ஆவோகாமி இரண்டும் ஜப்பானில் ஷிமானே மாகாணத்தின் யாசுகியில் உருவாகும் ஒரே குடும்பம். வெள்ளைத்தாள், நீலத்தாள் என்பது அந்த எஃகைச் சுற்றிவைக்கும் தாளின் நிறம், எஃகின் நிறமல்ல. ஷிரோகாமி 2-இல் கார்பன் 1.05 முதல் 1.15 சதவீதம், கலப்பு வேறெதுவும் சொல்லும்படி இல்லை. ஆவோகாமி 2-இல் அதே கார்பனோடு 0.2 முதல் 0.5 சதவீதம் குரோமியமும் 1 முதல் 1.5 சதவீதம் டங்ஸ்டனும் சேர்த்திருக்கிறார்கள். அதனால் கூர் கொஞ்சம் கூடுதல் நாள் நிற்கும், கல்லில் கொஞ்சம் மெதுவாகக் கரையும். அந்தச் சிறு குரோமியம் துருவைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்டெயின்லெஸ் என்று பெயர் வாங்கவே பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டும். முதல் ஒருபக்கக் கத்திக்கு என் தேர்வு ஷிரோகாமி 2. தீட்டும்போது விளிம்பில் வரும் பிசிறு சீக்கிரம் எழும், சீக்கிரம் விழும், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல எஃகு கிடையாது.

விலைச்சீட்டில் "கசுமி" என்றிருந்தால் பச்சிரும்பின் (மென்மையான இரும்பு) மேல் கடின எஃகை ஒட்டி அடித்தது. "ஹோன்யாகி" என்றிருந்தால் முழுக்க ஒரே எஃகு. விலை பல மடங்கு, தீட்டுவதும் கடினம், கீழே விழுந்தால் உடையவும் கூடும். உங்களுக்கு கசுமி போதும்.

முள்ளெடுப்பி:

நான் சுஜிஹிகி பக்கம். மாதம் நாலு தடவைக்கு யானகிபா தேவையே இல்லை. ஒருபக்கக் கத்தியை எப்போதோ ஒருமுறை தீட்டினால் கை பழகாது. பழகாத கை பின்பக்கத்தைக் கெடுத்துவிடும். இருபுறம் தீட்டிய பழக்கத்தோடு 270 சுஜிஹிகி எடுத்தால் மீனும் ஆகும், இறைச்சியும் ஆகும். துருவை நினைத்தால் தூக்கம் வராது என்றால் கின்சான் பாருங்கள்: அது ஸ்டெயின்லெஸ், ஆனால் கல்லில் கார்பன் எஃகுக்கு நெருக்கமாக நடந்துகொள்ளும்.

ஈரத்துணி:

துருவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். துரு பெரும்பாலும் இரவில் அலமாரியில் பிடிப்பதில்லை, பலகை மேல் பத்து நிமிடம் ஈரமாகக் கிடக்கும்போதுதான் பிடிக்கிறது. மடித்த ஈரத்துணி ஒன்று பலகையின் ஓரத்தில் இருக்கட்டும். நாலைந்து துண்டு அரிந்ததும் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக (வாய் என்பது வெட்டும் விளிம்பு) ஒரு துடைப்பு, உடனே உலர்துணியில் ஒன்று. எலுமிச்சை, தக்காளி, மாங்காய் பக்கம் இந்தக் கத்தியைக் கொண்டுபோகவே வேண்டாம். புளிப்பு பட்டால் பச்சிரும்புப் பகுதி கண்முன்னே கறுக்கும், அரிந்த பொருளிலும் இரும்பு வாடை ஏறும்.

வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவி, கடைசியில் கொதிநீரை ஊற்றுங்கள். அலகு சூடேறுவதால் மிச்ச ஈரம் தானே ஆவியாகும். பிடியில் ஊற்ற வேண்டாம். துடைத்து, ஆறியதும் எண்ணெய் இரண்டு சொட்டு. ஜப்பானில் கமேலியா எண்ணெய். கிடைக்காவிட்டால் மருந்துக்கடையில் விற்கும் லிக்விட் பாரஃபின் போதும். நல்லெண்ணெய் தடவாதீர்கள், சில வாரத்தில் பிசுபிசுத்துப் படலமாகிவிடும்.

மர உறை அழகாக இருக்கும், ஆனால் மரம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நாள்கணக்கில் எடுக்காமல் வைப்பதென்றால் எண்ணெய் தடவிச் செய்தித்தாளில் சுற்றி வையுங்கள்.

நீலமும் சாம்பலுமாகப் படரும் படலம் துரு இல்லை, அதை விட்டுவிடுங்கள், அது கத்திக்குக் காவல். விரலில் ஆரஞ்சுப் பொடியாக ஒட்டுவதுதான் துரு. அதற்கு முள்ளங்கியின் வெட்டுமுகத்தில் பாத்திரம் தேய்க்கும் பொடியைத் தொட்டு, அலகின் நீளவாக்கில் தேய்த்தால் போகும். ஜப்பானியச் சமையற்காரர்கள் செய்யும் முறை இது. குறுக்கே தேய்த்தால் கீறல் தெரியும்.

இன்னொன்று: புதுக் கத்தியில் துரு பிடிக்காமலிருக்க மெல்லிய அரக்குப் பூச்சு இருக்கலாம். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டு, கழுவிய பிறகே மீனைத் தொடுங்கள்.

கடலோரம்:

எல்லோருக்கும் நன்றி. யானகிபா 270, ஷிரோகாமி 2 என்று மனம் சாய்கிறது. இறைச்சிக்கு இருக்கிற கத்தியே போதும். முள்ளெடுப்பி சொன்ன "பின்பக்கம் கெடுவது" என்றால் என்ன? ஊருக்குக் கொண்டுபோனால் சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாமா?

சாணைக்கல்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கொடுக்கவே கூடாது. அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அவர்கள் சக்கரம் நன்றாக வேலை செய்யும். இந்தக் கத்திக்குப் பதம் (எஃகின் கடினத்தை அமைக்கும் சூடேற்றல்) போட்டது சுமார் 200 டிகிரி செல்சியஸில்தான். உலர்ந்த சக்கரத்தில் பொறி பறக்கும்போது மெல்லிய வாய் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். நீலம் ஓடிய இடத்தில் பதம் போயிற்று, பிறகு எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. அதோடு குழிந்த பின்பக்கத்தில் ஒரே ஒரு முறை சக்கரம் பட்டாலும் கத்தி யானகிபாவாக இருக்காது.

பின்பக்கக் குழிவைச் சுற்றி நூல் மாதிரி ஒரு தட்டை விளிம்பு ஓடும். கல்லில் தட்டையாக வைத்தால் அந்த விளிம்பு மட்டும்தான் கல்லைத் தொட வேண்டும். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அது அகலமாகும். 1000 கல்லில் பின்பக்கத்தைத் தேய்ப்பவர்கள் சில வருடங்களில் தீர்க்க வேண்டிய குழிவைச் சில மாதங்களில் தீர்த்துவிடுகிறார்கள். பின்பக்கத்துக்கு உங்கள் 3000 மட்டுமே. 6000 ஒன்று வாங்கினால் இன்னும் நல்லது.

தீட்டும் முறை: கல் தட்டையாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். பென்சிலால் கட்டம் போட்டு, வைரத்தட்டில் கோடுகள் முழுதும் அழியும் வரை தேயுங்கள். நடுவில் குழிந்த கல் சரிவை உருட்டிவிடும்.

சரிவின் அகலம் முழுதும் கல்லில் படியும்படி வையுங்கள். கோணத்தை நீங்கள் தேட வேண்டாம், சரிவே காட்டும். விரலின் அழுத்தம் வாய்க்கு அருகே இருக்கட்டும். புதிதாகப் பழகுபவர்கள் மேலே, சரிவு தொடங்கும் கோட்டுப் பக்கம் அழுத்துவார்கள். அங்கே இருப்பது பச்சிரும்பு, வேகமாகக் கரையும். கல் முழுக்கச் சேறு ஓடும், ஆனால் வாய் கல்லைத் தொட்டிருக்காது. சந்தேகமாக இருந்தால் சரிவில் மார்க்கர் பூசி நாலு தேய் தேய்த்துப் பாருங்கள், மை எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே கல் படவில்லை.

பின்பக்கத்தில் கட்டைவிரலை வாயை நோக்கி வெளிப்பக்கமாகத் தடவினால், அடியிலிருந்து நுனி வரை பிசிறு சொரசொரக்க வேண்டும். அது எழுந்த பிறகே 3000-க்குப் போங்கள். அங்கேயும் சரிவுப் பக்கம் முடித்துவிட்டு, பின்பக்கத்தை முழுத் தட்டையாகப் படுக்கவைத்து ஐந்தாறு இழுப்பு, கை எடை மட்டும் போதும். முதுகை மயிரிழை தூக்கினாலும் பின்பக்கத்தில் இரண்டாவது சரிவு விழும், அதைச் சரிசெய்வது பெரிய வேலை.

கடைசியாகச் சரிவுப் பக்கம் முதுகைக் கொஞ்சம் தூக்கி, அழுத்தமே இல்லாமல் மூன்று நான்கு இழுப்பு. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு கோடு விழும். இதை விட்டுவிட்டால் வாய் அதிமெல்லியதாக நின்று பலகையில் பட்டதும் பொடியாகப் பெயரும். பின்பக்கம் மறுபடி இரண்டு இழுப்பு, முடிந்தது. முதல் நாள் இரவே தீட்டிவிடுங்கள். புதிதாகத் தீட்டிய எஃகின் வாடை மறுநாள் மீனில் இருக்காது.

முள்ளெடுப்பி:

பலகையையும் மாற்றுங்கள். கண்ணாடி, கல் வேண்டவே வேண்டாம், மூங்கிலும் இதற்குக் கடினம். ஹினோகி (ஜப்பானிய சைப்ரஸ்) மரம் அல்லது மென்ரப்பர் பலகை. பாதி உறைந்த மீன், சால்மனின் விலாவில் விட்டுப்போன முள், அரிந்து முடித்ததும் கத்தியைத் திருகி எடுப்பது: வாய் பெயர்வது பெரும்பாலும் இந்த மூன்றால்தான். அரை மில்லிமீட்டர் பெயர்ந்தால் பதற வேண்டாம், அடுத்தடுத்த தீட்டல்களில் கரைந்துவிடும். அதைவிடப் பெரிதானால் 400 கல்லில் சரிவை முழுதாக இறக்க வேண்டும், பெயர்ந்த இடத்தை மட்டும் தேய்த்தால் வாயில் பள்ளம் விழுந்து, பலகையில் வைக்கும்போது அந்த இடத்தில் மீன் அறுபடாமல் நூலாகத் தொங்கும்.