ஓப்பன் ஆபீஸ் இரைச்சலும் படபடப்பும்: மதியம் 3 மணிக்கு மேல் எப்படித் தாக்குப்பிடிப்பது?

நிழல்மேசை (கேள்வி)

வயது 32. ஆட்டிசம் என்று உறுதியானது பெரியவரான பிறகுதான். சென்னை ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை, தடுப்பில்லாத தளம், வரிசைக்கு 12 பேர். என் சீட் பேன்ட்ரிக்குப் பக்கம், தலைக்கு நேர் மேலே லைட். காலையில் ஓடிவிடுகிறது. 3 மணிக்கு மேல் எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழும், வார்த்தையாகச் சேராது. நெஞ்சு படபடக்கும். நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்கியும் பக்கத்துப் பேச்சு அப்படியே கேட்கிறது. மூச்சை எண்ணுவது, “கண்ணில் படும் 5 பொருளைச் சொல்” என்பது இரண்டுமே நிலைமையை இன்னும் கெடுக்கின்றன. மேனேஜர் “ஒரு நிமிஷம் வர்றீங்களா?” என்று மெசேஜ் போட்டால் அடுத்த ஒரு மணி நேரம் காலி. வேலையை இப்போது விட முடியாது. ஹெச்.ஆரிடம் சொல்லலாமா? சொன்னால் எதைக் கேட்பது?

மெல்லொலி

ஹெட்போன் மேல தப்பில்லைங்க. ஏசி, ஃபேன், ஜெனரேட்டர்னு ஒரே சீரா ஓடுற தாழ்ந்த ஒலியத்தான் நாய்ஸ் கேன்சலிங் நல்லா அழிக்கும். பேச்சுல வார்த்தையப் பிரிச்சுக் காட்டுற மெய்யெழுத்து ஒலிங்க பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கும், அங்க அது தடுமாறும். இதுல இன்னொரு கூத்து: இத்தனை நாள் பக்கத்து சீட் பேச்சை ஓரளவு மூடி வச்சிருந்ததே அந்த ஏசி இரைச்சல்தான். அதை எடுத்துட்டா பேச்சு முன்னைவிடத் துல்லியமா கேட்கும்.

ரெண்டு அடுக்கா போடுங்க. உள்ளே ஃபோம் இயர்பிளக், அட்டையில 30 டெசிபல் கிட்ட போட்டிருக்கறது. மேலே காதை முழுசா மூடுற ஹெட்போன், அதுல பிரவுன் நாய்ஸ். பெருமழை தூரத்துல கொட்டுற மாதிரி இருக்கும். பக்கத்துல பேசறது வார்த்தையா பிரியாம முணுமுணுப்பா மாறுற அளவு வச்சா போதும், அதுக்கு மேல ஏத்தினா அதுவே தலைவலி. பாட்டு வேண்டாம். வரிகள் வந்தாலே மூளை அது பின்னாடி போயிடும்.

பிளக் வேலை செய்யலன்னு சொல்றவங்கள்ல நிறையப் பேர் அதைப் பாதிதான் உள்ளே விட்டிருப்பாங்க. கையக் கழுவிட்டு, பிளக்கை மடிப்பு விழாம மெல்லிசா உருட்டணும். மறு கைய தலைக்குப் பின்னாடி கொண்டுபோய் காது மடல மேலயும் பின்னாலயும் இழுத்துப் பிடிச்சு உள்ளே விட்டு, அது விரியற வரைக்கும் 30 விநாடி விரலால அழுத்திப் பிடிக்கணும். நேரா கண்ணாடியப் பார்த்தா பிளக் முனை துருத்திட்டுத் தெரியக் கூடாது. மேலோட்டமா நின்னா வெளிச் சத்தம் குறையாது, சொந்தக் குரலும் மெல்லுற சத்தமும் மட்டும் மண்டைக்குள்ள முழங்கும். மூக்குக்கண்ணாடி போடறவங்க கவனிங்க: காம்பு தடிமனா இருந்தா ஹெட்போன் குஷனுக்கும் தோலுக்கும் நடுவுல இடைவெளி விழுந்துடும். பிளக் அழுக்கானாலோ, உருட்டினா மறுபடி விரியலன்னாலோ தூக்கிப் போடுங்க. நம்ம ஊர் வியர்வைக்கு காதுல புண்ணு வர ரொம்ப நாள் ஆகாது.

சமநிலை (ஆக்குபேஷனல் தெரபி)

மேலே சொன்னது சரி. ஆனால் பிளக்கை காலை 9 முதல் மாலை 6 வரை போட்டுவைக்காதீர்கள். ஒலி வராத காதுக்கு மூளை தன் வால்யூமைத் தானே கூட்டிக்கொள்ளும். சில வாரங்களில் ஸ்பூன் விழும் சத்தம்கூட உறுத்தலாம். சாப்பாட்டு நேரத்துக்கும் ஸ்டாண்டப் மீட்டிங்குக்கும் மட்டும் வையுங்கள். உட்காரும் அறைக்குள் நாள் முழுக்கக் கூலிங்கிளாஸ் போடுவதும் இதே தவறுதான், கண்ணின் கூச்சம் ஏறும். விளிம்பு வைத்த தொப்பி மேல்.

3 மணிப் பிரச்சினை 3 மணிக்குத் தொடங்குவதில்லை. புலன் சுமை சேரும். கடைசியாக விழும் துரும்பைத்தான் நாம் கவனிக்கிறோம். 5 வேலை நாள் மணிக்கொரு முறை எழுதுங்கள்: சத்தம், வெளிச்சம், வாசனை, உடையும் தொடுதலும், ஆட்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. கூடவே உடம்பையும்: தாடை இறுகியிருக்கிறதா, தோள் ஏறியிருக்கிறதா, கடைசியாகத் தண்ணீர் எப்போது, பாத்ரூம் எப்போது, காபி எப்போது. ஆட்டிசம் உள்ள பலருக்குப் பசி, தாகம், இதயத்துடிப்பு போன்ற உட்சமிக்ஞைகள் தாமதமாகவே தெரியவரும். 11 மணிக் காபியும் குடிக்காத தண்ணீரும் சேர்ந்து தரும் படபடப்பைப் ‘பயம்’ என்று வாசித்துவிடுவார்கள். பலருக்குக் காபியில் உள்ள கஃபீனில் பாதியளவு 4 மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

எழுதியதில் எது முதலில் 2-ஐத் தொடுகிறதோ அதற்கு ஒரு மணி நேரம் முன்பே இடைவேளை. 7 நிமிடம், மாடிப்படித் திருப்பம் போதும், போன் இல்லாமல். நிரம்பிய பிறகு எழுந்து போனால் 7 நிமிடம் எதற்கும் காணாது.

தலைக்கு மேல் உள்ள லைட்டைச் சோதியுங்கள். பழைய சோக் வைத்த டியூப் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை மங்கித் தெளியும். மட்டமான டிரைவர் (விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) உள்ள எல்.இ.டி.யும் அப்படியே. போனில் ஸ்லோ மோஷன், விநாடிக்கு 240 ஃப்ரேமில் எடுத்தால் பட்டை பட்டையாகவோ துடிப்பாகவோ தெரியும். எலக்ட்ரிக்கல் ஆள் ஒருவர் 10 நிமிடத்தில் அந்த ஒன்றைக் கழற்றிவிடலாம், வரிசை இருண்டுவிடாது. சீலிங் ஃபேனுக்கு மேலே விளக்கு இருந்தால் இறக்கையின் நிழல் மேசையில் வெட்டி வெட்டி விழும், அதைப் பலர் கவனிப்பதே இல்லை.

5 பொருள் முறை உங்களைக் கெடுப்பதில் வியப்பில்லை. அது மனம் எங்கோ ஓடும்போது புலன்களைத் திறக்கச் சொல்லும் பயிற்சி. உங்களுக்கோ புலன்கள்தான் வழிகின்றன. சத்தமும் வெளிச்சமும் வரும் வழியை அடைத்துவிடுங்கள், தசைக்கு வேலை கொடுங்கள்: இரு உள்ளங்கைகளையும் சுவரில் வைத்து 10 விநாடி தள்ளுவது, 5 முறை. முகத்துக்குக் குளிர்ந்த தண்ணீர். மூச்சை எண்ணாமல் வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று நீளமாக வெளிவிடுவது. மனதுக்கு, பார்த்துச் சொல்லாமல் நினைவிலிருந்து ஒரு வரிசை, சென்னை மின்ரயில் நிலையங்கள் போல: எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை. வாய் வார்த்தை வராத நேரத்துக்கு “15 நிமிடம் வேண்டும், ஆபத்தில்லை, மெசேஜில் பதில் தருகிறேன்” என்று முன்கூட்டியே டைப் செய்து வையுங்கள். அந்த நிமிடத்தில் யோசித்து எழுத முடியாது.

விதி_எண்_8

ஹெச்.ஆர். விஷயம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 ஆட்டிசத்தைப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவு 20 அரசு நிறுவனங்களைத்தான் நேரடியாகக் கட்டுப்படுத்தும். தனியாரிடம் அதைக் காட்டினால் மடக்கிவிடுவார்கள். உங்களுக்கு உதவுவது பிரிவு 21-உம் 2017 விதிகளில் விதி 8-உம்: எல்லா நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும், 20 பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் நிறுவனம் அதில் வசதிகளைச் சொல்ல வேண்டும், தொடர்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். முதலில் அந்தக் கொள்கையைக் கேட்டு மெயில் போடுங்கள். சட்டத்தின் வரையறைப்படி நியாயமான வசதியை மறுப்பதும் பாகுபாடுதான்.

‘ஆட்டிசம் இருக்கிறது, புரிந்துகொள்ளுங்கள்’ என்று மட்டும் எழுதினால் எதிரில் இருப்பவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது. அனுதாபம் வரும், சீட் மாறாது. மூன்று பொருளைக் கேளுங்கள். வரிசைக் கோடியில், முதுகு சுவர்ப் பக்கம் இருக்கும் சீட். மேலே உள்ள ஒரு விளக்கைக் கழற்றுவது. மேனேஜர் மெசேஜில் மூன்று சொல்: எதைப் பற்றி, எவ்வளவு நேரம், இப்போதா பிறகா. ‘நாளைய ரிலீஸ், 10 நிமிடம், 4 மணிக்குள்’ என்று வந்தால் அதே அழைப்பு பாதிப் பயம்கூடத் தராது. 4 வாரச் சோதனை என்று கேளுங்கள், நிரந்தரம் என்றால் யோசிப்பார்கள். வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்டதை அன்றே மெயிலில் பதிவு செய்யுங்கள். மேனேஜர் மாறினால் அது ஒன்றுதான் மிச்சம்.

நிழல்மேசை

நன்றி. ஸ்லோ மோஷனில் பார்த்துவிட்டேன், பட்டை ஓடுகிறது. இன்னும் இரண்டு: வெள்ளிக்கிழமை பூஜை சாம்பிராணி, அடுத்து யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அடையாள அட்டை) இதற்குக் கட்டாயமா?

விதி_எண்_8

வசதி கேட்கக் கட்டாயமில்லை, டாக்டர் சான்று வலு சேர்க்கும். குறைபாடு 40 சதவீதம் இருக்க வேண்டும் என்ற வரம்பு இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு. விண்ணப்பித்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ஆட்டிசத்தை மதிப்பிடும் ஐசா (ISAA) என்ற இந்திய அளவுகோலில் 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5, 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று போய்விடும். பழகிப் பழகி எல்லாவற்றையும் மறைக்கத் தெரிந்த பெரியவர்களுக்கு மதிப்பெண் குறையும். சின்ன வயசு தெரிந்த அம்மாவையோ அக்காவையோ கூட்டிப் போங்கள்.

மெல்லொலி

சாம்பிராணிக்கு மாஸ்க் பெருசா உதவாது, வாசனை அதுல புகுந்து வந்துடும். கார்பன் அடுக்கு உள்ள மாஸ்க்தான் ஓரளவு தாங்கும். அதைவிட பூஜை எத்தனை மணிக்குன்னு அட்மின்கிட்ட முதல் நாளே கேட்டு, உங்க 7 நிமிஷத்தை 20 ஆக்கி அங்க வச்சுடுங்க. பிரசாதத்தைப் பக்கத்து சீட்காரரை வாங்கி வைக்கச் சொல்லுங்க, வரலைன்னு யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க.