எஸ்டேட் எடைக் கணக்குக்கு எந்த டேட்டாபேஸ் சரிவரும்?

வணக்கம். சேலம் அஞ்சு ரோட்டில் சின்னதாக ஆப் செய்து கொடுப்பவன் நான். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டுக்கு எடைக் கணக்கு ஆப் எழுதியிருக்கிறேன். பழம் பறிப்பவர்களுக்கு நாளைக்கு இரண்டு முறை எடை. மேஸ்திரி ஃபோனிலேயே பதிவார். தோட்டத்துக்குள் சிக்னல் கிடையாது. அதனால்தான் கூகுளின் ஃபயர்ஸ்டோர் டேட்டாபேஸை எடுத்தேன். ஆஃப்லைனில் எழுதியதை, சாலைக்கு ஏறி வந்ததும் தானாக அனுப்பிவிடுகிறது. அதில் குறையே இல்லை.

சிக்கல் ஆபீஸ் பிரவுசரில் பார்க்கும் மாதக் கணக்கில். 120 பேர், நாளைக்கு 240 பதிவு, 30 நாளுக்கு 7,200. ஒரு பதிவைப் படித்தால் ஒரு ரீட் என்று கணக்கு; திரையை ஒருமுறை திறந்தால் 7,200 ரீட். ஏழு முறை திறந்தால் 50,400. இலவச வரம்பு நாளுக்கு 50,000தான். முதலாளியோ டீ குடிக்கும்போதெல்லாம் திறந்து பார்ப்பவர்!

அமேசானின் டைனமோடிபி டேட்டாபேஸில் ஆள் எண்ணை பார்ட்டிஷன் கீயாகவும் (பதிவுகளைப் பிரித்து வைப்பது), தேதி நேரத்தை சார்ட் கீயாகவும் (அவற்றை வரிசைப்படுத்துவது) வைக்கலாம். அங்கே க்வெரிக்கு (பதிவுகளைத் தேடி எடுப்பதற்கு) ரீட் கணக்கு பதிவின் எண்ணிக்கையில் இல்லை, மொத்த அளவில், 4 கேபிக்கு ஒரு யூனிட் வீதம். ஒருவருடைய மாதப் பதிவெல்லாம் ஓரிரு யூனிட்டில் அடங்கிவிடும். ஆனால் ஆஃப்லைன் வேலையை நானேதான் எழுத வேண்டும். இன்னொரு டேட்டாபேஸான மாங்கோடிபி அட்லஸ், கணக்கைக் கூட்டிப் பிரிக்க சுகம். ஆனால் ஃபோனில் ஆஃப்லைனில் எழுதியதை அனுப்பிவைக்கும் அதன் டிவைஸ் சிங்க்கைத்தான் 2025 செப்டம்பரோடு நிறுத்திவிட்டார்களே.

இப்போதைக்கு ஃபயர்ஸ்டோரிலேயே இருந்து, ஆள்வாரி தினக் கூட்டலைத் தனி டாக்குமென்ட்டில் (ஃபயர்ஸ்டோரில் ஒரு பதிவுக்கு அதுதான் பெயர்) வைக்கலாம் என்று தோன்றுகிறது. அப்படிச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மேஸ்திரி பழைய எடையைத் திருத்தினால் கூட்டலை எப்படிச் சரிசெய்கிறீர்கள்? நவம்பரில் பறிப்பு தொடங்கிவிடும், அதற்குள் முடிவெடுக்க வேண்டும்.