பனிக்கரடி குளிர்காலம் முழுக்கத் தூங்குமா?

விகேபுரத்துக்காரி:
என் மகள் ஏழாம் வகுப்பு. பள்ளிக் கண்காட்சிக்குப் பனிக்கரடி பற்றி அட்டை தயாரிக்கிறாள். "குளிர்காலம் முழுவதும் குகைக்குள் உறங்கும்" என்று பெரிய எழுத்தில் எழுதிவிட்டாள். கடையில் வாங்கிய சார்ட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் யூடியூபில் பார்த்தால், கனடாவில் சர்ச்சில் என்ற ஊர்ப்பக்கம் நவம்பர் மாதத்தில் கரடிகள் சாவகாசமாக நடந்து திரிகின்றன. எது சரி? இன்னொன்றும் கேட்கிறாள்: கோடையில் கடல் பனி உருகிவிட்டால் அது எதைத் தின்னும்? எங்கள் பக்கம் மலையிலிருந்து கரடி இறங்கினால் தோப்புக்குள் புகுந்துவிடும், வனத்துறையினர் வந்து கூண்டு வைப்பார்கள். அங்கே தோப்பும் இல்லை, கறையான் புற்றும் இல்லை. திங்கட்கிழமை அட்டையைக் கொடுக்க வேண்டும்.

சிவசைலத்தான்:
நம்ம மலைக் கரடி தூங்குவதில்லை, அது உறுதி. வருஷம் முழுக்கப் புற்றைத் தோண்டிக்கொண்டே இருக்கும். மேல் வரிசையில் நடு முன்பற்கள் இரண்டு அதற்குக் கிடையாது. அந்தச் சந்து வழியாகத்தான் கறையானை உறிஞ்சும். ராத்திரியில் அந்தச் சத்தம் வயல் வரப்பு வரைக்கும் கேட்கும். பனிக்கரடி விஷயத்துக்குக் கல்லிடை அண்ணாச்சிதான் ஆள். கப்பலில் போனவர்.

கல்லிடை என்ஜின்ரூம்:
தங்கச்சி, முதலில் அந்த வரியை அழிக்கச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் வளைக்குள் அடைந்து கிடப்பது சினைக் கரடி மட்டும்தான். ஆண் கரடி, சினையில்லாத பெண், குட்டியோடு திரிகிற தாய் எல்லாம் அந்த இருட்டிலும் குளிரிலும் உறைந்த கடல்மேல் வேட்டையில் இருக்கும்.

சர்ச்சில் பேச்சை எடுத்துவிட்டீர்கள், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். சரக்குக் கப்பலில் இருந்த காலத்தில் கோதுமை ஏற்ற அங்கே போயிருக்கிறேன். அந்த ஊரை ஒட்டிய கடலான ஹட்சன் விரிகுடா வருஷத்தில் பாதிக்கு மேல் உறைந்து கிடக்கும். கப்பல் உள்ளே போக முடிவது கோடையை ஒட்டிய சில மாதங்கள்தான். கரடிகளுக்கும் பனி இல்லாமல் கரையில் கிடக்க வேண்டிய காலம் அதுவே. இறங்கிக் காலாற நடக்கக் கூடாது என்று கேப்டன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் பார்த்த கரடி வெள்ளையாகவே இல்லை. அழுக்கு மஞ்சளாகப் பாறை ஓரத்தில் படுத்திருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்ததோடு சரி, எழுந்திருக்கவில்லை. கையிருப்புக் கொழுப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது, அவ்வளவுதான்.

நாம் பிசானம் அறுத்துக் குதிரில் கொட்டி வைக்கிற மாதிரி, அது ஏப்ரல் முதல் ஜூன் வரை உடம்பில் கொழுப்பைச் சேர்த்துவிடும். வளையச் சீல் என்ற கடல்நாய் குட்டி போடும் பருவம் அது. பனிமேட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் குட்டியை மோப்பத்தில் கண்டுபிடித்து, முன்னங்கால்களால் மேல்கூரையை உடைத்துப் பிடிக்கும். பெரிய சீல் என்றால், அது மூச்சுவிட வரும் பனித் துளைக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் ஆடாமல் அசையாமல் காத்திருக்கும். கிடைத்ததும் முதலில் தின்பது தோலையும் கொழுப்பையும். இறைச்சியைப் பல நேரம் நரிக்கு விட்டுவிட்டுப் போய்விடும்.

ஜூலை வாக்கில் பனி உடைந்தால் கரைக்கு வரும். மறுபடி கடல் உறைவது நவம்பரில். உங்கள் வீடியோவில் நடந்தவை அதற்காகத்தான் கடலோரத்தில் கூடியிருக்கும். இடைப்பட்ட காலத்தில் நாளுக்கு ஏறக்குறைய 1 கிலோ இளைக்கும். பெர்ரிப் பழம், பறவை முட்டை, செத்து ஒதுங்கிய உடல் என்று கிடைப்பதைத் தின்னத்தான் செய்யும், ஆனால் அது பற்றாது. மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 20 கரடிகளின் கழுத்தில் கேமரா கட்டி, மூன்று வாரம் வரை கவனித்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். 19 கரடி இளைத்திருந்தன. பனியில்லாத நாட்கள் நீளுவது ஏன் ஆபத்து என்று மகள் இதை வைத்தே எழுதலாம். அங்கே கரடிகளின் எண்ணிக்கை 2016-இல் 842 என்று மதிப்பிட்டது 2021-இல் 618 ஆகிவிட்டது.

அட்டையில் பென்குயின் வரைந்திருந்தால் அதையும் அழித்துவிடுங்கள். அது தென்கோளத்துச் சமாச்சாரம்.

உட்லண்ட்ஸ் நெல்லைக்காரன்:
நிறத்தைப் பற்றி ஒன்று. தோல் கருப்பு; முடிக்கு நிறமே கிடையாது, உள்ளே குழல் மாதிரி வெற்றிடம். இங்கே சிங்கப்பூர் விலங்குக் காட்சிச்சாலையில் இனுகா என்று ஒரு பனிக்கரடி இருந்தது. 1990-இல் இங்கேயே பிறந்து 2018-இல் இறந்தது. 2004-இல் அதற்கும் அதன் தாய்க்கும் முடிக்குள் பாசி வளர்ந்து பச்சையாகிவிட்டன!

விகேபுரத்துக்காரி:
அண்ணாச்சி, பென்குயின் இருந்தது, அழித்தாயிற்று. பச்சைக் கரடி வரைய வேண்டும் என்று இப்போது அடம்பிடிக்கிறாள். இன்னும் இரண்டு கேள்வி: ஊருக்குள் வரும் பனிக்கரடியை என்ன செய்வார்கள்? சினைக் கரடி வளைக்குள் எதைத் தின்னும்?

கல்லிடை என்ஜின்ரூம்:
சர்ச்சிலில் கரடிக்கென்றே ஒரு காவல் கொட்டடி 1980-களிலிருந்து இருக்கிறது. ஊரார் அதை ஜெயில் என்றே சொல்வார்கள். பிடித்து அடைத்துத் தண்ணீர் மட்டும் கொடுப்பார்கள், தீனி கிடையாது. தீனி போட்டால் ஊர்ப்பக்கம் வந்தால் சாப்பாடு உண்டு என்று பழகிவிடும். அந்தப் பருவத்தில் எப்படியும் பட்டினி கிடக்கிற பிராணி, தாங்கிக்கொள்ளும். அப்புறம் ஹெலிகாப்டரில் தூக்கிப்போய்த் தூரத்தில் விடுவார்கள், இல்லை கடல் உறைந்ததும் திறந்துவிடுவார்கள்.

சினைக் கரடி எதையும் தின்னாது. வசந்தத்தில் இணை சேர்ந்தாலும் கரு இலையுதிர் காலம் வரை கருப்பையில் பற்றாமல் நிற்கும். உடம்பில் போதிய கொழுப்பு இல்லையென்றால் குட்டியே பிறக்காது. நவம்பர், டிசம்பர் வாக்கில் ஈனும். பெரும்பாலும் இரண்டு குட்டி, ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான் இருக்கும். ஹட்சன் விரிகுடாத் தாய் கோடையில் கரையேறியது முதல் மார்ச்சில் குட்டிகளோடு பனிமேல் இறங்கும்வரை ஏறக்குறைய 8 மாதம் பட்டினி. அதற்கு நடுவில்தான் பாலும் கொடுக்கிறது, அதுவும் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பாக இருக்கும் பால்.