எஃப் எலக்ட்ரான் உள்ளே இருந்தால் ஒன்று, வெளியே நீண்டால் வேறு

தங்கை: பெரியப்பா, ஒரு சந்தேகம். மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற நிலை (எத்தனை எலக்ட்ரான் பிணைப்பில் இறங்கியது என்ற கணக்கு) +2 முதல் +7 வரை போகிறது. லாந்தனம் முதல் லுட்டீசியம் வரை உள்ள லாந்தனாய்டுகள் மட்டும் ஏன் எல்லாமே +3?

பெரியப்பா: மாங்கனீசில் 3டி, 4எஸ் என்ற இரண்டு எலக்ட்ரான் துணைக்கூடுகளின் ஆற்றலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதும்மா. எஸ்ஸில் உள்ள இரண்டோடு டியில் உள்ள ஐந்தும் பிணைப்பில் இறங்கலாம். பெர்மாங்கனேட்டில் +7 வருவது அப்படித்தான்.
லாந்தனாய்டில் 4எஃப் ஆழத்தில் கிடக்கிறது, அதற்கு வெளியே 5எஸ், 5பி. மூன்று எலக்ட்ரான் போனதும் மிச்சத்தை அணுக்கரு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

அண்ணன்: சீரியம் +4 தருமே? செரிக் சல்பேட் வைத்துத் தரம்பார்த்திருக்கிறோம்.

பெரியப்பா: தரும் தம்பி, நான்கு போனால் எஃப் காலியாகிவிடும். ஆனாலும் +3க்குத் திரும்பவே பார்க்கும், அதனால்தான் அது மற்றவற்றிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும் வலுவான ஆக்சிஜனேற்றி. யூரோப்பியம் +2 நேரெதிர், எலக்ட்ரானைக் கொடுக்கும் ஒடுக்கி.

சித்தப்பா: அண்ணா, லாந்தனாய்டு குறுக்கத்தையும் சொல்லிவிடுங்கள். தேர்வில் கேட்பார்கள்.

பெரியப்பா: தேர்வை விடு, எனக்கு மிகவும் பிடித்த இடமே அதுதான். எஃப் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று அணுக்கருவின் இழுப்பிலிருந்து சரியாக மறைப்பதில்லை, வரிசையில் போகப் போக இழுப்பு கூடும். அதனால் +3 அயனியின் ஆரம் லாந்தனத்தில் 103 பிகோமீட்டர், லுட்டீசியத்தில் 86.
இதன் விளைவு லுட்டீசியத்துக்கு அடுத்த தனிமமான ஹாஃப்னியத்திலேயே தெரியும். தனிம அட்டவணையில் அதற்கு நேர் மேலே இருப்பது சிர்கோனியம். சிர்கோனியத்தைவிட ஹாஃப்னியத்தில் 32 புரோட்டான் அதிகம். ஆனால் அணு ஆரம் சிர்கோனியத்தில் 160 பிகோமீட்டர், ஹாஃப்னியத்தில் 159! வேதிப்பண்பிலும் இரட்டையர்கள். சிர்கோனியத் தாதுவுக்குள்ளேயே இருந்தும் 1923இல்தான் ஹாஃப்னியம் அகப்பட்டது. கோபன்ஹேகனில் காஸ்டரும் ஹெவெசியும் எக்ஸ்ரே நிறமாலையில் பிடித்தார்கள்.

அண்ணன்: அணு உலைக்கு ஹாஃப்னியம் நீக்கிய சிர்கோனியம் வேண்டும் என்பார்களே?

பெரியப்பா: ஆமாம். சிர்கோனியம் நியூட்ரான்களைப் பெரும்பாலும் விட்டுவிடும், ஹாஃப்னியம் விழுங்கிவிடும். எரிபொருள் உறைக் குழாயில் அது இருக்கக் கூடாது. வேதியியலில் இவ்வளவு ஒற்றுமை, அணுக்கருவில் இவ்வளவு வித்தியாசம்.

தங்கை: சரி, யுரேனியமும் எஃப் தொகுதிதானே? அது +6 வரை போகிறதே.

பெரியப்பா: 5எஃப் அவ்வளவு ஆழத்தில் இல்லைம்மா, வெளியே நீளும். 5எஃப், 6டி, 7எஸ் ஆற்றல்களும் நெருக்கம். அதனால் யுரேனியம் இருக்கும் ஆக்டினாய்டு வரிசையின் தொடக்கத் தனிமங்கள், மாங்கனீசு போன்ற இடைநிலை உலோகங்கள் போலவே நடந்துகொள்ளும். யுரேனியத்தை முன்பு டங்ஸ்டனுக்குக் கீழே வைத்திருந்தார்கள். 1944இல் அமெரிக்க வேதியியலாளர் சீபோர்க்தான் ஆக்டினாய்டுகள் தனி வரிசை என்றார்.
புளூட்டோனியம் இன்னும் விசேஷம். +3, +4, +5, +6 நான்கும் ஒரே கரைசலில் சேர்ந்தே இருக்கும்.

தங்கை: அப்போ கடைசி வரைக்கும் இப்படியே போகுமா?

பெரியப்பா: போகாது. அணுக்கருவின் மின்சுமை ஏற ஏற 5எஃப்பும் உள்ளே இழுபடும். கியூரியத்திலிருந்து பெரும்பாலும் +3தான். நோபிலியம் மட்டும் கரைசலில் +2ஐ விரும்பும். ஏன் என்று எலக்ட்ரான் அமைப்பை எழுதிப் பார்த்துச் சொல்.

தங்கை: +2இல் 5எஃப்பில் 14ம் நிரம்பிவிடுகிறது!

பெரியப்பா: அதேதான். இட்டெர்பியம் +2க்கும் இதே காரணம்.