கலைச்சொல் விவாதம்: ‘எலெக்ட்ரிக் ஸ்ட்ரைக்’ – மின் நாதாங்கி

மடல் 1: முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கதவுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்துவோருக்கான கையேட்டில் ‘எலெக்ட்ரிக் ஸ்ட்ரைக்’ வருகிறது. அட்டை காட்டியதும் கதவை விடுவிக்க, நிலைக்காலில் பொருத்தும் கருவி இது. இதற்கு மின்பூட்டு, மின்தாக்கி, கதவுத்திறப்பி என மூன்று பரிந்துரைகள் பட்டியலில் உள்ளன. மூன்றுமே பொருத்துபவரைத் தவறான வேலைக்கு இழுத்துச் செல்லும். ‘மின் நாதாங்கி’ என்பதை முன்வைக்கிறேன்.

கருவியின் இயக்கம் இது. கதவில் இருப்பது வழக்கமான எந்திரப் பூட்டுதான். அதன் நா வில்விசையால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் தட்டை. நிலைக்காலில் இருக்கும் துளைத்தகட்டில் அந்த நா போய் அமர்கிறது. அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இந்தக் கருவியைப் பொருத்துகிறோம். இதில் குழியின் ஒரு பக்கச் சுவர் அசையக்கூடிய மடல். மின்சாரம் வந்ததும் உள்ளே இருக்கும் சாலினாய்டு (மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகும் கம்பிச்சுருள்), மடலைத் தாங்கி நிற்கும் முளையை விலக்குகிறது. கதவை இழுத்தால் நா அந்த மடலை ஒதுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. நா உள்வாங்குவதே இல்லை. பூட்டுக்கு ஒரு கம்பிகூடப் போவதில்லை. உள்ளிருந்து வெளியேறுபவர் கைப்பிடியைத் திருப்பினால், மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கதவு திறக்கும்.

ஆகவே ‘மின்பூட்டு’ பொருந்தாது. கைப்பிடியையோ நாவையோ மின்சாரத்தால் விடுவிக்கும் பூட்டு தனியாக இருக்கிறது. அந்தச் சொல் அதற்கு வேண்டும். நாவே இல்லாத மின்காந்தப் பூட்டும் இருக்கிறது. அது எந்நேரமும் மின்சாரம் கேட்கும், உள்ளிருந்து வெளியேறவும் தனிப் பொத்தானோ உணரியோ கேட்கும். மூன்றுக்கும் கம்பி இணைப்பு வேறு, ஆபத்து வேறு. ‘மின்தாக்கி’ என்றால் மின்சாரம் தாக்கும் பொருள்போல ஒலிக்கிறது. ‘கதவுத்திறப்பி’ கதவைத் தானே தள்ளித் திறக்கும் மோட்டார்க் கைக்கு உரியது. நம் கருவி விடுவிப்பதோடு நின்றுவிடுகிறது.

தாழ்ப்பாளின் நா போய் அமரும் இரும்புக்கு ஏற்கனவே நாதாங்கி என்ற பெயர் இருக்கிறது. நாவைத் தாங்குவது நாதாங்கி. இந்தக் கருவி அதே இடத்தில் அதே வேலையைச் செய்கிறது. தாங்குவதை நிறுத்த மின்சாரம் ஆணையிடுகிறது, அவ்வளவுதான். சொல்லைக் கேட்டதும் பொருத்துபவரின் கண் கதவுக்குப் போகாமல் நிலைக்காலுக்குப் போக வேண்டும். இந்தச் சொல் அதைச் செய்யும்.

மடல் 2

> ‘மின் நாதாங்கி’ என்பதை முன்வைக்கிறேன்.

வழிமொழிகிறேன். புணர்ச்சியைப் பற்றி ஒன்று. மின் + நூல் மின்னூல் ஆவதுபோல இதுவும் முறைப்படி ‘மின்னாதாங்கி’ ஆகும். அப்படி எழுதினால் ‘ஆதாங்கி’ என்று பிரித்துப் படிக்க இடமுண்டு, நாதாங்கி மறைந்துவிடும். இடைவெளி விட்டு ‘மின் நாதாங்கி’ என்றே எழுதுவோம்.

இதைவிடப் பெரிய சிக்கல் வகைப்பெயர்களில் இருக்கிறது. ‘ஃபெயில் சேஃப்’, ‘ஃபெயில் செக்யூர்’ இரண்டும் கையேட்டு வரைவில் ‘தோல்விப் பாதுகாப்பு’, ‘தோல்விக் காப்பு’ என்று இருக்கின்றன. இரண்டையும் வேறுபடுத்தவே முடியவில்லை. பாதுகாப்பு ஆளுக்கா, அறைக்கா? மின்சாரம் நின்றதும் மடல் விடுபட்டால் ‘திறவுநிலை வகை’, இறுகியே இருந்தால் ‘பூட்டுநிலை வகை’ என்று வைத்தால் பெயரே விடை சொல்லும். விளக்கத்தில் ‘மின்சாரம் நின்றால்’ என்ற தொடர் கட்டாயம் வரட்டும்.

கம்பி இணைப்பும் இதிலிருந்தே பிறக்கிறது. பூட்டுநிலை வகைக்கு ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சு) பொதுமுனையும் நார்மலி ஓப்பன் (ரிலே இயங்காதபோது இணைப்பற்ற) முனையும். திறவுநிலை வகைக்குப் பொதுமுனையும் நார்மலி குளோஸ்டு (ரிலே இயங்காதபோது இணைந்திருக்கும்) முனையும். மாற்றி இணைத்தால் அட்டை காட்டும்போது பூட்டிக்கொண்டு மற்ற நேரமெல்லாம் திறந்து கிடக்கும். பூட்டுநிலை வகையில் இந்தத் தவறு நேர்ந்தால் இன்னொரு கேடும் உண்டு. இடைவிட்டு இயங்குவதற்கென்றே சுற்றப்பட்ட காயில் (சாலினாய்டின் கம்பிச்சுருள்) நாள் முழுக்க மின்சாரம் வாங்கிக் கருகும். திறவுநிலை வகைக்குத் தொடர்ந்து இயங்கும் காயில்தான் வேண்டும். வாங்கும்போதே தகவல்தாளில் இதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

தீத்தடுப்புக் கதவு பற்றிய குறிப்பைத் தடித்த எழுத்தில் போடுங்கள். தீயின் அழுத்தத்தில் கதவு விரியாமல் இருக்க நா பிடிபட்டே இருக்க வேண்டும். எனவே அங்கே தீத்தடுப்புச் சான்று பெற்ற பூட்டுநிலை வகை மட்டுமே. மாடிப்படிக் கதவில் சிலவேளை தீ எச்சரிக்கை ஒலித்ததும் வெளிப்பக்கமும் திறக்க வேண்டும், நாவும் பிடிபட்டிருக்க வேண்டும் என்று விதி இருக்கும். நாதாங்கியால் இரண்டையும் ஒருசேரச் செய்ய முடியாது. அங்கேதான் கைப்பிடியை விடுவிக்கும் மின்பூட்டு வருகிறது. இரண்டு கருவிக்கும் ஒரே பெயரிருந்தால் இந்தப் பத்தியை எழுதவே முடியாது.

மடல் 3

> இதில் குழியின் ஒரு பக்கச் சுவர் அசையக்கூடிய மடல்.

‘கீப்பர்’ என்பதற்கு இந்த ‘மடல்’ போதும். ‘காப்பான்’ வேண்டாம். குழுமத்தில் மடல் என்றால் கடிதம் என்பதால் குழப்பம் வரும் எனலாம். கையேட்டில் அந்தக் குழப்பம் வராது.

பழுது பார்க்கும் பகுதியில் இன்னும் மூன்றைத் தெளிவாக்க வேண்டும். அவை தெளிவாக இல்லாததால்தான் ‘வேலை செய்யவில்லை’ என்ற ஒரே வாக்கியத்தில் நான்கு வெவ்வேறு பழுதுகள் அடைபட்டுக் கிடக்கின்றன.

முதலாவது ‘ப்ரீலோட்’. வரைவில் ‘முன்னழுத்தம்’ என்று இருக்கிறது. அது ஏற்கனவே கான்கிரீட்டுக்கு வழங்கும் சொல். இங்கே நடப்பது வேறு. கதவு மூடியபின் ரப்பர்ப் பட்டையோ, அறைக்குள் குளிர்சாதனக் காற்றின் அழுத்தமோ, முறுக்கிய கதவுப் பலகையோ கதவைத் திறக்கும் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். நாவின் தட்டைப் பக்கம் மடலை நெருக்கும். அந்த நெருக்கலில் முளை சிக்கிக்கொள்வதால் சாலினாய்டால் அதை இழுக்க முடியாது. ‘டிக்’ ஒலி கேட்கும், கதவு திறக்காது. ‘நாநெருக்கம்’ எனலாம். சோதனை எளிது: மின்சாரம் கொடுத்துக்கொண்டே கதவை மூடும் திசையில் உள்ளங்கையால் அழுத்துங்கள். உடனே விடுபட்டால் நாநெருக்கம்தான். கம்பியைத் தொட வேண்டாம். கீல் திருகுகளை இறுக்குவது, மெல்லிய ரப்பர்ப் பட்டைக்கு மாறுவது, நாதாங்கியைத் திறக்கும் திசையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்த்துவது – இந்த வரிசையில் சரிசெய்யலாம். அளவுக்கு மீறி நகர்த்தினால் கதவு ஆடத் தொடங்கும்.

இரண்டாவது ‘டெட்லாட்ச்’. பெரிய நாவின் அருகில் நிற்கும் சிறு முளை, ‘துணைநா’ என்பேன். கதவு மூடியிருக்கும்போது இது அமுங்கியே இருக்க வேண்டும். அமுங்கியிருந்தால்தான் பெரிய நாவை யாரும் பின்னுக்குத் தள்ள முடியாதபடி பூட்டு இறுகும். நாதாங்கியின் முகத்தகட்டில் அதற்கென ஒரு படி இருக்கும். தவறான முகத்தகட்டைப் போட்டாலோ, கதவுக்கும் நிலைக்கும் இடையே சந்து அதிகமானாலோ துணைநாவும் குழிக்குள் விழுந்துவிடும். கதவு ஒழுங்காகப் பூட்டியதுபோலவே தெரியும். ஒரு பிளாஸ்டிக் அட்டையைச் செருகினால் திறந்துவிடும். புகாரே வராத பழுது இதுதான், அதனால்தான் மோசமானது. பொருத்தி முடித்ததும் கதவை மூடி, அட்டையால் நாவைத் தள்ளிப் பார்ப்பதைக் கட்டாயச் சோதனையாக்க வேண்டும். சந்து 3 மி.மீ. அளவில் இருப்பது நல்லது. கூடினால் நாதாங்கிக்குப் பின்னால் தகடு வைத்து முன்னே கொண்டுவர வேண்டும்.

மூன்றாவது மின்னழுத்த வீழ்ச்சி. சொல் இருக்கிறது, கணக்கு வரைவில் இல்லை. 12 வோல்ட், 0.5 ஆம்பியர் நாதாங்கி ஒன்று 40 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். போக வர 80 மீட்டர். 0.5 ச.மி.மீ. செம்புக் கம்பியின் தடை ஏறத்தாழ 2.8 ஓம், வீழ்ச்சி 1.4 வோல்ட். நாதாங்கிக்குப் போய்ச் சேர்வது 10.6 வோல்ட். பத்து விழுக்காடு வரை குறையலாம் என்று குறித்த கருவிக்கு 10.8 வேண்டும். ஒருநாள் திறக்கும், ஒருநாள் திறக்காது. 1 ச.மி.மீ. கம்பி போட்டால் வீழ்ச்சி பாதியாகி 11.3 கிடைக்கும். அதே திறனுள்ள 24 வோல்ட் கருவிக்கு 0.25 ஆம்பியர் போதும், பழைய 0.5 ச.மி.மீ. கம்பியிலேயே வீழ்ச்சி 0.7 வோல்ட்தான். தொலைவு கூடினால் 24 வோல்ட் என்பதே என் பரிந்துரை.

அளக்கும் முறையையும் சேர்க்க வேண்டும். நாதாங்கியைக் கழற்றிவிட்டுக் கம்பி முனைகளை மட்டும் அளந்தால் கெட்டுப்போன இணைப்பிலும் முழு 12 வோல்ட் காட்டும். மின்னோட்டம் இல்லையென்றால் வீழ்ச்சியும் இல்லை. நாதாங்கியை இணைத்தபடி, அது இயங்கும்போதே அதன் முனைகளில் அளக்க வேண்டும். காயிலின் தடையையும் கம்பியைக் கழற்றிப் பார்க்கலாம்: 12 வோல்ட், 0.5 ஆம்பியர் என்றால் 24 ஓம் அருகே; 24 வோல்ட், 0.25 ஆம்பியர் என்றால் 96 ஓம் அருகே. எல்லையில்லாத தடை காட்டினால் காயில் அறுந்தது. ஓரிரு ஓம் மட்டும் காட்டினால் உள்ளே ஒட்டிக்கொண்டது. டயோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) உள்ளேயே பொதிந்த கருவியானால் மீட்டர் முனைகளை மாற்றி இருமுறை அளந்து, கூடுதலான அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

மடல் 4

> நாவைத் தாங்குவது நாதாங்கி.

ஓர் ஐயம். சாவியைத் திருப்பித் தள்ளும் சரிவில்லாத தாழையும் இது தாங்குமா? தாங்காதென்றால் விளக்கத்தில் ‘சரிவுள்ள நா’ என்று வரையறுக்க வேண்டும். அவசர வெளியேற்றத் தள்ளுகம்பிக்கு நிலையின் மேற்பரப்பிலேயே திருகும் வகையையும் இதே பெயரில் சேர்க்கலாமா?

மடல் 5

> சரிவில்லாத தாழையும் இது தாங்குமா?

பொதுவான நாதாங்கிக்குச் சரிவுள்ள நா வேண்டும். தாழ் வெளியே நீட்டியபடி கதவு மீண்டும் மூட வந்தால் சரிவில்லாததால் மடலில் முட்டி நிற்கும். ‘சரிவுள்ள நா’ என்றே வரையறுப்போம். தள்ளுகம்பிக்கானதை ‘மேற்பரப்பு மின் நாதாங்கி’ எனலாம். நிலையைக் குடையாமல் திருகுவது என்பதே அதன் சிறப்பு.

சொற்கள் உழைக்கின்றனவா என்று பார்க்கப் பொருத்தும் பகுதியை அவற்றைக் கொண்டே எழுதிப் பார்த்தேன்:

“பெட்டியிலிருந்து எடுத்ததும் மேசையிலேயே மின்சாரம் கொடுத்து, மடல் விடுபடுவதையும் திரும்பி இறுகுவதையும் பாருங்கள். திறவுநிலையா பூட்டுநிலையா என்பதையும் இப்போதே உறுதிசெய்யுங்கள். சில கருவிகளில் ஒரு திருகை மாற்றி வகையை மாற்றலாம், நிலையில் பொருத்தியபின் அந்தத் திருகு எட்டாது. கதவை மூடி, நாவின் நடுக்கோட்டை நிலைக்காலில் குறியுங்கள். மடலின் நடுக்கோடு அதன்மேல் வர வேண்டும். முகத்தகட்டின் நடுக்கோட்டை வைத்துக் குறிக்காதீர்கள், இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. குழியின் அளவு அச்சிட்ட தாளை ஒட்டி, குழியின் மூலைகளில் துளையிட்டு, மர நிலையை உளியாலும் இரும்பு நிலையை அரத்தாலும் திருத்துங்கள். முகத்தகடு நிலையின் பரப்போடு சமமாக அமர அதன் தடிப்பளவு பள்ளம் எடுக்க வேண்டும். இரும்புத்தூளை முழுதும் துடைத்த பிறகே நாதாங்கியை அருகில் கொண்டுவாருங்கள். சாலினாய்டின் காந்தம் தூளை இழுத்து முளையைச் சிக்கவைக்கும். கம்பி வரும் துளையின் விளிம்பில் ரப்பர் வளையம் இடுங்கள். கதவு திறந்திருக்கும்போதே திருப்புளியால் மடலைத் தள்ளிச் சோதித்துவிட்டு, அதன் பிறகு கதவை மூடுங்கள். வெளிக்கைப்பிடி திரும்பாததாக இருக்க வேண்டும். திரும்பினால் நாவை யாரும் உள்ளிழுத்துத் திறக்கலாம், நாதாங்கியால் பயனில்லை.”

‘மின்பூட்டு’ என்ற சொல்லைக் கொண்டு இந்தப் பத்தியை எழுத முயன்றால் எது நிலையில், எது கதவில் என்று வாக்கியத்துக்கு வாக்கியம் விளக்க வேண்டியிருக்கிறது.

டயோடு பற்றிய வரியைத் திருத்த வேண்டும். வரைவு ‘இணையாக ஒரு டயோடு’ என்று மட்டும் சொல்கிறது. நேர்மின் (டி.சி.) காயிலுக்கு 1என்4007 டயோடு போதும். கோடு போட்ட முனை நேர்முனைக்குப் போக வேண்டும், நாதாங்கிக்கு அருகிலேயே வைக்க வேண்டும். மின்சாரம் நிற்கும் கணத்தில் காயில் எழுப்பும் எதிர்மின்னழுத்தம் இதன்வழி சுழன்று அடங்கும். இல்லையென்றால் ரிலேயின் முனைகளில் பொறி பறந்து, நாளடைவில் அவை ஒட்டிக்கொள்ளும். தலைகீழாக வைத்தால் குறுக்குச்சுற்று, ஃபியூஸ் போகும். மாறுமின் (ஏ.சி.) காயிலுக்கு டயோடு கூடாது, மின்னழுத்தம் மிகும்போது மட்டும் கடத்தும் வேரிஸ்டர் போட வேண்டும். மாறுமின்னில் இயங்கும் நாதாங்கி ‘உர்ர்’ என்று ஒலிப்பது பழுதல்ல என்றும் எழுதுங்கள். நேர்மின்னில் ‘டிக்’ மட்டும்தான்.

மடல் 6

> மின் நாதாங்கி, மடல், நா, துணைநா, நாநெருக்கம், திறவுநிலை வகை, பூட்டுநிலை வகை

ஏழும் பட்டியலில் ஏற்றப்பட்டன. சாலினாய்டு, ரிலே, காயில், டயோடு, வேரிஸ்டர் அப்படியே இருக்கட்டும்; கடையில் கேட்கும்போது அந்தப் பெயர்களைத்தான் சொல்வார்கள்.

விடுபட்டது ஒன்று: நா குழிக்குள் இறங்கிவிட்டதா என்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லும் சிறு சுவிட்சு. கதவு மூடியதா என்பதை மட்டும் சொல்லும் காந்தத் தொடுசுவிட்சு வேறு. கதவு மூடியும் நா இறங்காமல் நிற்கும் பழுது, முன்னதில் தெரியும், பின்னதில் தெரியாது. எனவே ‘நா உணரி’, ‘கதவு உணரி’ என்று பிரிக்கலாம் என்பது என் பரிந்துரை. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.